காசில்வேனியா 2 நிஜமாகவே அவ்வளவு மோசமான கேமா?

கேள்வி இதுதான்: "காசில்வேனியா 2: சைமன்ஸ் குவெஸ்ட் கேமை யூடியூபில் எல்லாரும் திட்டுகிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு மோசமா, இல்லை ஒருத்தர் சொன்னதை மற்றவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களா? இன்றைக்கு எடுத்து ஆடினால் ரசிக்க முடியுமா?"

முடியும். ஆனால் நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இந்த கேமைச் செய்தவர்கள் நினைத்தது ஒன்று, அதை ஆடுபவருக்குச் சொன்ன விதம் இன்னொன்று. நினைத்தது அந்தக் காலத்துக்கு ரொம்பத் துணிச்சலான விஷயம். சொன்ன விதம் படுமோசம். திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைப் பார்த்துவிட்டு முதலாவதையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் பத்து வருடம் கழித்து இந்தத் தொடரைத் தூக்கி நிறுத்திய பல யோசனைகள் இந்த கேமில்தான் முதலில் தலைகாட்டின.

கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். முதல் காசில்வேனியா 1986 செப்டம்பரில் ஜப்பானில், நின்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலோடு இணைக்கும் டிஸ்க் சிஸ்டத்துக்கு வந்தது. கையில் சவுக்கு, எதிரே டிராகுலாவின் கோட்டை, மொத்தம் 18 ஸ்டேஜ், மூன்று ஸ்டேஜுக்கு ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி. நேராகப் போக வேண்டும், அடிக்க வேண்டும், படிக்கட்டு ஏற வேண்டும், மெதூசா தலை என்ற பறக்கும் எதிரி ஒன்று வந்து முட்டிப் பள்ளத்தில் தள்ளினால் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். கச்சிதமான ஆக்‌ஷன் கேம். அதை விரும்பியவர்கள் இரண்டாம் பாகத்தில் எதிர்பார்த்தது இன்னொரு 18 ஸ்டேஜ், வேறு கோட்டை, வேறு பாஸ்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த டிஸ்க் சிஸ்டம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1986 பிப்ரவரியில் நின்டெண்டோ அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார்ட்ரிட்ஜுக்குப் பதில் டிஸ்க், அதில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம், கடைக்குப் போய் 500 யென் கொடுத்தால் பழைய டிஸ்க்கிலேயே புது கேமை எழுதிக்கொண்டு வரலாம். சேமிக்க முடியும் என்றதும் கேம் செய்பவர்களின் கணக்கே மாறிவிட்டது. ஒரே உட்காரலில் முடிக்க வேண்டிய கட்டாயம் போய், பல நாள் ஊர் ஊராகத் திரிந்து ரகசியம் தேடும் ஆட்டங்கள் வர ஆரம்பித்தன. அப்படிப்பட்ட செல்டா, மெட்ராய்ட் என்ற இரண்டு கேம்களும் அதே 1986-இல் அதே டிஸ்க்கில்தான் வந்தன. காசில்வேனியாவைச் செய்த கொனாமி நிறுவனமும் அந்தக் காற்றில்தான் இருந்தது. 1987-இல் அவர்கள் வெளியிட்ட கூனீஸ் 2, கெட்சு ஃபூமா டென், எம்.எஸ்.எக்ஸ் கணினிக்கு வந்த மேஸ் ஆஃப் கேலியஸ் மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், மூன்றுமே ஆக்‌ஷனையும் தேடலையும் ஒன்றாகக் கலக்கப் பார்த்த முயற்சிகள். அதே வருடம் ஆகஸ்டில் வந்த காசில்வேனியா 2 அந்த வரிசையில் ஒன்று. ஜப்பானில் இருந்தவருக்கு அது அவ்வளவு திடீர்த் திருப்பம் இல்லை. 1987-இல் முதல் பாகத்தைக் கார்ட்ரிட்ஜில் ஆடிவிட்டு, 1988 டிசம்பரில் இரண்டாம் பாகத்தைத் திறந்த அமெரிக்கப் பையனுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கு டிஸ்க்கும் இல்லை, சேமிக்கும் வசதியும் இல்லை. 16 எழுத்துப் பாஸ்வேர்டு ஒன்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு எழுத்து தப்பினாலும் அன்றைய உழைப்பு அத்தனையும் போச்சு.

கதை என்னவென்றால், முதல் பாகத்தின் நாயகன் சைமன் பெல்மாண்ட் டிராகுலாவைக் கொன்று ஏழு வருடம் ஆகிறது, ஆனால் அந்தச் சண்டையில் பட்ட சாபம் அவனை உள்ளுக்குள் தின்றுகொண்டிருக்கிறது. சாபம் தீர வேண்டுமென்றால் சிதறிக் கிடக்கும் டிராகுலாவின் ஐந்து மிச்சங்களையும் சேர்க்க வேண்டும்: விலா எலும்பு, இதயம், கண், நகம், மோதிரம். சேர்த்து, பாழடைந்த கோட்டைக்குக் கொண்டுபோய் எரித்து, எழுந்து வரும் டிராகுலாவை மறுபடியும் கொல்ல வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஜெயித்த வீரனை நோயாளியாக ஆரம்பிக்க வைத்தது. 1987-இல் ஒரு ஆக்‌ஷன் கேமின் இரண்டாம் பாகம் "போன தடவை ஜெயித்ததற்கு நீ கொடுத்த விலை இது" என்று தொடங்குவது சாதாரணமில்லை.

ஆட்டம் ஜோவா என்ற ஊரில் தொடங்குகிறது. கோட்டை இல்லை, பாஸ் இல்லை, தெருவில் ஆட்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள், கதவைத் திறந்தால் உள்ளே வியாபாரி நிற்கிறார். எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் ஹார்ட்தான் இங்கே காசு. வெள்ளைக் கிரிஸ்டல் 50 ஹார்ட், எறிந்து தாக்கும் புனித நீரான ஹோலி வாட்டர் 50, முள் சவுக்கு 100. காசாக இருக்கும் அதே ஹார்ட்தான் அனுபவப் புள்ளியும், சேரச் சேர லெவல் ஏறும். ஊருக்கு வெளியே இடப்பக்கமும் போகலாம், வலப்பக்கமும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். முதல் பாகத்தில் ஒரே திசையில் ஓடிப் பழகியவருக்கு இந்தச் சுதந்திரம் ஒரு நிமிடம் ஆனந்தமாகவும் அடுத்த நிமிடம் திகைப்பாகவும் இருக்கும்.

அப்புறம் இரவு வரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பகல் இரவாகும், இரவு பகலாகும். இரவில் எதிரிகளை விழ வைக்க இரண்டு மடங்கு அடி வேண்டும், ஊருக்குள் ஓடினால் அங்கேயும் ஆட்கள் இல்லை, கதவுகள் சாத்தியிருக்கும், தெருவில் பிணங்கள் நடமாடும். பகலில் உயிரை நிரப்பித் தரும் தேவாலயமும் மூடியிருக்கும். அந்தக் கால நின்டெண்டோவில் நிறப் பலகையைக் கொஞ்சம் மாற்றி, ஆட்களின் இடத்தில் பிணங்களை வைத்து, பாட்டை மாற்றியே ஒரு ஊரைப் பத்திரமான இடத்திலிருந்து பயங்கரமான இடமாக்கிவிட்டார்கள். பகலில் நிம்மதியாகக் கடந்த அதே தெருவில் இரவில் ஒளிய இடம் தேடும்போது வரும் பயம், முதல் பாகத்தில் எந்த ஸ்டேஜிலும் எனக்கு வரவில்லை.

இவ்வளவு நல்ல யோசனை, ஆனால் அதை எப்படி நம் முன்னால் வைத்தார்கள் என்று பாருங்கள். நடுக் காட்டில் எதிரியை அடித்துக்கொண்டிருக்கிறீர்கள், திடீரென்று எல்லாம் உறைந்து நிற்கும், ஒரு பெட்டி திறக்கும், "வாட் எ ஹாரிபிள் நைட் டு ஹேவ் எ கர்ஸ்" (சாபத்தோடு கழிக்க எவ்வளவு கொடுமையான இரவு) என்று எழுத்து எழுத்தாக அச்சடிக்கும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் வேகமாகாது. பிறகு நிறம் மெல்ல மாறும், அதற்குப் பிறகுதான் ஆட்டம் திரும்பக் கைக்கு வரும். விடிந்தாலும் இதே சடங்கு, வேறு வாக்கியம். முதல் தடவை சிலிர்க்கும். பத்தாவது தடவை எரிச்சல் வரும், முப்பதாவது தடவை கன்ட்ரோலரைத் தூக்கி எறியத் தோன்றும். அந்த வரி இன்று வரை கிண்டலுக்குப் பேர் போனதாக இருக்கிறது என்றால் வரியின் குற்றம் அதில் பாதிகூட இல்லை, நிறுத்தி நிறுத்தி அதையே படிக்க வைத்ததுதான் காரணம்.

இதைவிடப் பெரிய சிக்கல் துப்புகள். இந்த கேமை எடுத்து ஆடுபவரில் பெரும்பாலோர் நிற்கும் இடம் ஒன்று உண்டு, டெபோரா பாறை. வரைபடத்தின் ஓரத்தில் வழி முடிந்து பாறைச் சுவர் நிற்கும். செய்ய வேண்டியது இதுதான்: முதலில் வெள்ளைக் கிரிஸ்டலை ஒருவரிடம் கொடுத்து நீலமாக மாற்ற வேண்டும், நீலத்தை இன்னொரு ஊரில் இன்னொருவரிடம் கொடுத்துச் சிவப்பாக்க வேண்டும், அந்தச் சிவப்பு கிரிஸ்டலைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு சுவர் முன்னால் மண்டியிட்டு சில விநாடிகள் அசையாமல் காத்திருக்க வேண்டும். அப்போது ஒரு சூறாவளி வந்து சைமனைத் தூக்கிக்கொண்டு போகும். இதை ஒருவர் தானாகக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டா? மண்டியிடுவது என்பது அடி படாமல் குனிவதற்கு உள்ள அசைவு, அதற்கு வேறு பயன் உண்டென்று அங்கே எதுவும் காட்டவில்லை. ஊரில் ஒருவர் சொல்லும் யோசனை, தலையால் பாறையை முட்டி ஓட்டை போடச் சொல்கிறது. அது பொய். சுவரில் ஒளித்து வைத்த புத்தகம் ஒன்றில் உண்மையான துப்பு இருக்கிறது, ஆனால் அதன் ஆங்கிலத்தில் சிவப்பு கிரிஸ்டலோடு ஓர் ஆத்மாவுக்காகக் காத்திரு என்று எழுதியிருக்கிறது, மண்டியிடு என்ற பேச்சே இல்லை.

ஊர்க்காரர்கள் பொய் சொல்வதைத் திட்டுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. பொய் சொல்லும் ஊர் என்பது நல்ல யோசனை. ஜப்பானிய மூலத்திலேயே அவர்கள் வேண்டுமென்றுதான் பொய் சொல்கிறார்கள். சபிக்கப்பட்ட ஒருவன் ஊருக்குள் நுழைகிறான், அவனிடம் யார் உண்மை பேசுவார்கள்? ஆனால் பொய்யர் உள்ள ஊரில் உண்மை சொல்பவரின் பேச்சாவது தெளிவாக இருக்க வேண்டும். ஆங்கிலப் பதிப்பில் உண்மை சொல்பவரும் உளறுகிறார். கல்லறைத் தோட்டத்தில் பட்டுப்பை ஒன்று கிடைக்கும், பூண்டை வைத்தால் ஒருவர் தோன்றித் தருவார். அதைச் சொல்ல வந்த வரி, கல்லறை வாத்து ஒன்றிடம் பையை வாங்கு என்று படிக்கிற மாதிரி அச்சாகியிருக்கிறது. எது பொய், எது மொழிபெயர்ப்புக் கோளாறு, எது நிஜத் துப்பு என்று பிரிக்க முடியாமல் போனதும் ஆடுபவர் எல்லாரையும் நம்புவதை நிறுத்திவிடுகிறார். அப்புறம் தேடல் என்பது போய், வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு சுவரிலும் ஹோலி வாட்டர் எறிந்து பார்ப்பது என்றாகிவிடுகிறது.

அது சரி, ஆனால் துப்புகளை மட்டுமே குறை சொல்லிவிட்டுப் போனால் கேமுக்கு அளவுக்கு மீறிச் சலுகை கொடுத்ததாகும். ஆக்‌ஷன் பக்கமும் பலவீனம்தான், இதைப் பற்றி வீடியோக்களில் அவ்வளவாகப் பேசுவதில்லை. டிராகுலாவின் மிச்சங்கள் இருக்கும் ஐந்து மாளிகைகளும் கல் நிறத்தைத் தவிர ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. உள்ளே போய், ஒருவரிடம் 50 ஹார்ட் கொடுத்து ஓக் மரக் குச்சி வாங்கி, கடைசி அறையில் இருக்கும் உருண்டையின் மேல் எறிந்தால் மாளிகை முடிந்தது. நடுவில் பொய்த் தரைகள் இருக்கும், பார்க்க மற்ற கல் மாதிரியே இருக்கும், கால் வைத்தால் கீழே விழுவீர்கள். அதனால் இரண்டு அடிக்கு ஒருமுறை ஹோலி வாட்டரை எறிந்து, அது தரையைத் துளைத்துப் போகிறதா என்று பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். இதைத் திறமை என்று சொல்ல முடியாது, பொறுமை என்றுதான் சொல்லலாம். பாஸ்கள் இருப்பதே இரண்டு மாளிகைகளில்தான். முதல் பாகத்தில் ஆட்டத்தின் கடைசிப் பகுதியையே நரகமாக்கிய மரண தேவன் இங்கே ஒரு அறையில் மிதந்துகொண்டிருப்பார், சண்டை போடாமலே பக்கத்தில் நடந்து கடந்து போகலாம். அதைப் பார்த்தபோது வந்த ஏமாற்றம் இன்னும் மறக்கவில்லை.

உயிர் போனால் விழுந்த இடத்திலேயே எழுந்து தொடரலாம். மூன்று உயிரும் போனால் தொடரலாம், ஆனால் சேர்த்த ஹார்ட் எல்லாம் பூஜ்யமாகும். ஆக, இந்த கேமின் கஷ்டம் என்பது எதிரியிடம் இல்லை, ஒரு சவுக்கு வாங்கச் சேர்த்த காசு போவதில்தான் இருக்கிறது. திரும்பப் போய் அதே எலும்புக்கூடுகளை அடித்துச் சேர்க்க வேண்டும், சேர்த்து முடிப்பதற்குள் இரவு வந்து கடை மூடிவிடும், விடியும்வரை தெருவில் பிணங்களை அடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இதோடு ஒன்று, எத்தனை நாளில் முடிக்கிறீர்கள் என்று கேம் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது, அதைப் பொறுத்து மூன்று விதமான முடிவுகளில் ஒன்று வரும். நாளை வீணாக்கினால் முடிவு மாறும் என்று ஆட்டத்துக்குள் எங்கேயும் உருப்படியாகச் சொல்வதில்லை. மாளிகைக்குள் நேரம் ஓடாது என்பதையும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசியில் வரும் கோட்டை பற்றி மட்டும் நான் தனியாக நிற்கிறேன். உள்ளே ஒரு எதிரிகூட இல்லை. இடிந்து கிடக்கும் கோட்டைக்குள் படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறோம், பாட்டு மட்டும் கேட்கிறது. பலர் இதை முடிக்க நேரமில்லாமல் விட்டுவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழு வருடத்துக்கு முன் நாமே அழித்த இடம் அது, அங்கே ஆள் இருந்தால்தான் தப்பு. ஆனால் அதன் அடியில் காத்திருக்கும் டிராகுலா சண்டையை என்னால் காப்பாற்ற முடியாது. எழுந்து வரும்போதே தங்கக் கத்தியையோ தீயையோ எறிந்துகொண்டே இருந்தால் மனிதர் அசையக்கூட முடியாமல் செத்துப்போவார்.

சரி, வந்த காலத்தில் வரவேற்பு எப்படி இருந்தது? இன்று நினைப்பது மாதிரி வந்த அன்றே எல்லாரும் கழுவி ஊற்றிய கேம் இல்லை இது. நின்டெண்டோ பவர் பத்திரிகை தன் இரண்டாவது இதழிலேயே, 1988 செப்டம்பர்–அக்டோபர், இதை அட்டைப்படமாகப் போட்டது. சைமன் வேஷம் போட்ட ஒருவர் கையில் டிராகுலாவின் வெட்டிய தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம். குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோர்கள் பத்திரிகையிடம் புகார் செய்த கதை பிரபலம். அந்தப் பத்திரிகை வரைபடமும் துப்பும் கொடுத்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆடியவர்களுக்கு டெபோரா பாறை பெரிய சிக்கலாகவே இருந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் கண்டுபிடித்ததை இன்னொருவனிடம் சொல்வது அந்த ஆட்டத்தின் ஒரு பகுதி. அந்தத் துணைகள் எதுவும் இல்லாமல், பழைய கேமைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் தனியாகத் திறந்து உட்கார்ந்த பிற்காலத்து ஆளுக்குத்தான் இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கேமாகத் தெரிந்தது.

ஆனால் தொடரைச் செய்தவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பது அடுத்து வந்த கேம்களைப் பார்த்தாலே புரியும். முதல் இரண்டையும் இயக்கிய ஹிதோஷி அகமாட்சுதான் மூன்றாம் பாகத்தையும் இயக்கினார். 1989 டிசம்பரில் வந்த அது மறுபடியும் ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போகும் ஆக்‌ஷன் கேம். ஊர் இல்லை, கடை இல்லை, பகலிரவு இல்லை. வழியில் இரண்டாகப் பிரிந்து எந்தப் பக்கம் போகலாம் என்று தேர்ந்தெடுக்கும் அளவுக்கு மட்டும் சுதந்திரம் மிச்சமிருந்தது. 1991-இன் சூப்பர் காசில்வேனியா 4 முதல் பாகத்தின் கதையையே திரும்பச் சொன்னது. 1993-இன் ரோண்டோ ஆஃப் பிளட் வரைக்கும் இதே பாதைதான். கிட்டத்தட்ட பத்து வருடம் இரண்டாம் பாகத்தை யாரும் தொடவில்லை.

பிறகு 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு இதே தொடரின் சிம்ஃபனி ஆஃப் தி நைட் வந்தது. லெவல் ஏறுகிறது, பொருள் வாங்கக் கடை இருக்கிறது, எந்தத் திசையிலும் போகலாம், கிடைத்த திறமையை வைத்துப் பழைய இடத்துக்குத் திரும்பிப் புது வழி திறக்கலாம். அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த கோஜி இகராஷி, ஸ்டேஜ் வகை கேம்களைச் சீக்கிரம் முடித்துப் பழைய கேம் கடையில் விற்றுவிடுகிறார்கள், நீண்ட நாள் கையில் வைத்திருக்கும்படி ஒன்று செய்ய வேண்டும் என்று நினைத்ததாகவும், முன்மாதிரி செல்டா என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே சைமன்ஸ் குவெஸ்டிலிருந்து நேராக வந்தது சிம்ஃபனி என்று அடித்துச் சொன்னால் அது மிகை. ஆனால் சிம்ஃபனியில் தலைகீழ்க் கோட்டைக்குப் போனதும் நீங்கள் தேடிச் சேர்க்க வேண்டியவை என்ன? விளாடின், அதாவது டிராகுலாவின், இதயம், விலா எலும்பு, கண், மோதிரம், பல். நகம் போய்ப் பல் வந்திருக்கிறது, மற்ற நான்கும் அப்படியே. இது தற்செயல் இல்லை. 2002-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த ஹார்மனி ஆஃப் டிஸனன்ஸிலும் டிராகுலாவின் மிச்சங்களைச் சேர்க்கும் வேலை திரும்ப வருகிறது. 2008-இன் ஆர்டர் ஆஃப் எக்லேசியா இன்னும் ஒரு படி போய், கோட்டைக்கு வெளியே காடு, கடற்கரை, ஏரி என்று வெவ்வேறு இடங்களையும், மீட்டுக் கொண்டுவந்த ஊர்க்காரர்கள் வேலை கொடுக்கும் கிராமத்தையும் வைத்தது. அங்கே நடந்தபோது எனக்கு ஜோவாதான் ஞாபகம் வந்தது, ஒரே வித்தியாசம், இந்த ஊர்க்காரர்கள் சொல்வது புரிகிறது.

அந்த மிச்சங்கள் விஷயத்தில் சைமன்ஸ் குவெஸ்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவை வெறும் சேகரிப்புப் பொருள் இல்லை. விலா எலும்பைக் கையில் எடுத்தால் கேடயம், எறிபொருளைத் தடுக்கும். கண்ணை எடுத்தால் ஒளித்து வைத்த புத்தகங்கள் தெரியும். நகத்தை எடுத்தால் சவுக்காலேயே சுவரை உடைக்கலாம். இதயத்தைப் படகோட்டியிடம் காட்டினால், அதுவரை போகாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். எதிரியின் உடம்பே நம் கருவியாகிறது, அந்தக் கருவியே புது வழி திறக்கிறது. இன்றைக்கு மெட்ராய்டையும் காசில்வேனியாவையும் சேர்த்து மெட்ராய்ட்வேனியா என்று ஒரு வகைக்கே பேர் வைத்திருக்கிறோமே, அதன் அடிப்படை விதி இதுதான். 1987-இலேயே இவர்கள் அதைக் கையில் எடுத்துவிட்டார்கள், எந்தப் பொருளை எங்கே காட்டுவது என்று சொல்லத்தான் தெரியவில்லை.

இசையை மறந்தால் பாவம். பகலில் வெளியே நடக்கும்போது ஒலிக்கும் "பிளடி டியர்ஸ்" கெனிச்சி மட்சுபாரா இந்த கேமுக்காகப் போட்டது. டிஸ்க் சிஸ்டத்தில் கூடுதலாக ஒரு ஒலித்தடம் உண்டு, கார்ட்ரிட்ஜில் அது கிடையாது. அதற்குப் பதிலாகக் கார்ட்ரிட்ஜ் பதிப்பில் பதிவு செய்த மேளச் சத்தத்தைச் சேர்த்தார்கள், அந்தத் தட்டல்தான் பாட்டுக்கு முதுகெலும்பாக நின்றது. இந்த ஒரு விஷயத்தில் மாற்றுப் பதிப்பு மூலத்தைவிட ஒரு படி மேலே என்பேன். கேமை ஒதுக்கிய கொனாமி பாட்டை ஒருநாளும் ஒதுக்கவில்லை. சூப்பர் காசில்வேனியா 4-இல் டிராகுலாவை நெருங்கும்போது இது திரும்ப வரும், அதற்குப் பிறகும் தொடர் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரின் இரண்டாவது சீசனில் கோட்டைக்குள் பெரிய சண்டை நடக்கும்போது இந்தப் பாட்டைப் போட்டதும் இந்த கேமைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மறுபாதி, ஒருத்தர் சொன்னதைத்தான் எல்லாரும் சொல்கிறார்களா என்பது. பெரிய அளவுக்கு ஆமாம். ஆங்ரி வீடியோ கேம் நெர்ட் என்று பேர் வாங்கிய ஜேம்ஸ் ரோல்ஃப் 2004-இல் எடுத்த முதல் வீடியோவே இந்த கேமைப் பற்றியதுதான். நண்பர்களுக்குக் காட்ட எடுத்தது, 2006-இல் யூடியூபில் ஏறியது, அதிலிருந்துதான் பழைய கேம்களைக் கோபத்தோடு விமர்சிக்கும் ஒரு பாணியே யூடியூபில் வேர்விட்டது. அந்த வீடியோவில் அவர் சொல்லும் குறைகள் நியாயமானவைதான்: மெதுவான எழுத்து, பகலிரவு இடைவெட்டு, டெபோரா பாறை. ஆனால் பின்னால் வந்தவர்கள் கேமை ஆடிப் பார்க்காமல் அந்த வீடியோவையே மறுபடி எடுத்தார்கள். அதனால்தான் எல்லா விமர்சனத்திலும் இதே மூன்று குறைகள், இதே வரிசையில் வருகின்றன. வெறும் மாளிகைகள், பாஸ் இல்லாமை மாதிரி இதைவிட ஆழமான குறைகளை அவர்கள் தொடுவதே இல்லை.

அதே புகழ்தான் கேமைச் செத்துப்போகாமலும் காப்பாற்றியது. எவ்வளவோ சுமாரான 1987 கேம்களை இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை, இதை மட்டும் ரசிகர்கள் பிரித்து மேய்ந்து பழுது பார்த்திருக்கிறார்கள். ஜப்பானிய மூலத்திலிருந்து திரும்ப மொழிபெயர்த்தார்கள், எழுத்து வேகத்தைக் கூட்டினார்கள், பகலிரவு மாற்றத்தை ஆட்டம் நிற்காமல் நடக்க வைத்தார்கள், உள்ளேயே வரைபடம் வைத்தார்கள். இந்தப் பழுதுகளைப் போட்டு ஆடிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: கேமின் உருவத்தை யாரும் மாற்றவில்லை. ஊர், காடு, மாளிகை எல்லாம் அதே இடத்தில். சொல்லும் விதத்தை மட்டும் சரிசெய்ததும் அது நல்ல கேமாகிவிடுகிறது, மகா கேம் இல்லை, ஆனால் உட்கார்ந்து முடிக்கத் தோன்றும் கேம். 2022-இல் பெர்ஸெர்க் ஸ்டூடியோ செய்த இன்ஃபெர்னாக்ஸ் இதே எலும்புக்கூட்டின் மேல் புதுச் சதை வைத்துக் கட்டியது, பகலிரவு, ஊர்கள், மாளிகைகளுக்குப் பதில் கோட்டைகள். அதை ஆடிவிட்டு இதற்கு வந்தால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இன்று ஆட நினைத்தால் எளிய வழி 2019-இல் வந்த காசில்வேனியா ஆனிவர்சரி கலெக்‌ஷன். எந்த இடத்திலும் சேமிக்கலாம், 16 எழுத்துப் பாஸ்வேர்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். வழிகாட்டியைப் பார்க்காமல் முழுதும் ஆடுவேன் என்ற வீராப்பு இந்த கேமில் வேண்டாம், ஆனால் முழு வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் ஆடாதீர்கள், அப்படி ஆடினால் திரிவதில் உள்ள சுகம் போய்விடும். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்றுதான். ஒன்று டெபோரா பாறை, அதை மேலேயே சொல்லிவிட்டேன். இரண்டாவது ஏரிக்கரையில் நீலக் கிரிஸ்டலோடு மண்டியிடுவது, திரை கீழே நகர்ந்து வழி தெரியும். மூன்றாவது அந்தப் படகோட்டி, இதயத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டுதான் அவரிடம் பேச வேண்டும். மற்றதையெல்லாம் நீங்களே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்க முடியும். ஜோவாவில் முதல் வேலையாக ஹோலி வாட்டரும் வெள்ளைக் கிரிஸ்டலும் வாங்குங்கள், சவுக்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம், கிரிஸ்டல் இல்லாமல் போனால் முதல் மாளிகையில் நகரும் மேடை கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு மாளிகைக்குள் போவதற்கு முன்னாலும் குச்சிக்காக 50 ஹார்ட் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி வழியில் நின்று சேர்க்க வேண்டியிருக்கும். முதல் இரவு வரும்போது மட்டும் ஊருக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், தெரு காலியாவதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்.